பயத்தை ஒளிக்காத மிஸ்

பயத்தை இப்படி வெளியில போட்டுக்கொண்டு திரிஞ்ச ஒரு மனிசியை நான் அதுக்கு முந்தியும் காணல்ல, பிறகும் காணல்ல. மத்த ஆக்கள் பயத்தை எங்கயாவது ஒளிச்சு வைப்பாங்க. சிரிப்புக்குள்ள வைப்பாங்க, கோவத்துக்குள்ள வைப்பாங்க, சில பேர் தொழுகைக்குள்ளயும் வைப்பாங்க. இந்த மனிசி அதைக் குடை மாதிரி விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு எல்லாரும் பார்க்க நடந்து போவா. பேரைச் சொல்ல எனக்கு விருப்பமில்ல. எங்கயாவது இருந்து இதைக் கேள்விப்பட்டா அதுக்கும் பயப்படுவா.

டொக்டர்தான். ஆனா துண்டு எழுதி மருந்து குடுக்கிற டொக்டர் இல்ல, ஆராய்ச்சி செய்யிற டொக்டர். கெம்பஸ்ல இருந்து வேன்ல வருவா. கலியாணம் முடிச்சு, பிள்ளைகளும் இருக்கு. நாங்க மிஸ் எண்டுதான் கூப்பிட்ட. அவ என்னை அக்கா முறையா ராத்தா எண்டுவா, என்ட மனிசனை அண்ணன் முறையா நானா எண்டுவா.

எங்கட வீடு குறிஞ்சிப்பிட்டிக்கு இங்கால, கடல் பக்கம். வேலிக்கு அங்கால இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை. என்ட மனிசனுக்கு அங்கதான் வேலை. குஞ்சு விடுறதுக்கு முந்தித் தொட்டியெல்லாம் கிருமி இல்லாமக் கழுவோணும், அதுக்கு ஒரு மருந்து கலக்கோணும். போமலின் எண்டு பேர். நீலக் கான்ல வரும். மூடியைத் திறந்தா வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே கண்ணால தண்ணி ஓடும். அதைக் கலக்கிறவர் என்ட மனிசன். நான் பண்ணை ஆக்களுக்குப் பகல் சோறு சமைச்சுக் குடுப்பன். அப்படித்தான் மிஸ்ஸும் எங்கட மேசைக்கு வந்தா.

வந்த முதல் நாளே எனக்கும் அவக்கும் சண்டை வரப் பார்த்தது. பாரை மீன் ஆணம் வச்சிருந்தன். நான் சமைச்சதைப் புதினமாப் பார்த்த ஆக்கள் இருக்கிறாங்க, இன்னும் கொஞ்சம் போடுங்க எண்டு கேட்ட ஆக்கள் இருக்கிறாங்க. இவ பீங்கானைத் தூக்கி மூக்குக்கு நேர பிடிச்சு மோந்து பார்த்தா. ஒரு தரம் இல்ல, திரும்பவும் பார்த்தா. எனக்கு உச்சிக்கு ஏறிட்டு. என்ன மிஸ், நாத்தமா எண்டு கேட்டன். கேட்ட விதத்தில அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவ பீங்கானை வச்சிட்டு, சில இடங்கள்ல மீன் கெட்டுப் போகாம இருக்க இந்தத் தொட்டி கழுவுற மருந்தையே தெளிக்கிறாங்க, அதுக்காகத்தான் பார்த்தன் எண்டு சொன்னா. பிறகு மெதுவாச் சொன்னா:

"உங்கட கறியில பிழை இல்ல ராத்தா. என்ட மூக்கு பயந்த மூக்கு."

அப்படி ஒருத்தி தன்னையே குறை சொன்னா எப்படிச் சண்டை பிடிக்கிற? ரெண்டாம் தரமும் சோறு போட்டுக் குடுத்தன். அந்தக் கிழமையே கற்பிட்டிச் சந்தையில மீனைத் தூக்கி மோந்து பார்க்கப் போய் மீன் விக்கிற ஆளிட்ட நானும் ஏச்சு வாங்கினன்.

எதுக்குத்தான் பயமில்ல அவக்கு? நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். எங்கட மாட்டுக்குப் பயம், அது பாவம் கிழட்டு மாடு. களப்புக்கு அங்கால ஒரு பண்ணைக்கு வள்ளத்தில போகோணும் எண்டு வந்தப்ப, முழங்கால் அளவு தண்ணியில ஓடுற வள்ளத்துக்கு மிதவை அங்கியைப் போட்டு, கழுத்து வரைக்கும் பட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினா. கரையில நிண்ட ஆக்கள் சிரிச்ச சிரிப்புக்கு அளவில்ல. அவவும் சேர்ந்து சிரிச்சா. ஆனா அங்கியைக் கழட்டல்ல.

பண்ணைக்குள்ள கால் வைக்க முந்தி ஷோல்ட நுனியைக் கையில தூக்கிப் பிடிப்பா. அது எந்தப் பக்கம் பறக்குது எண்டு பார்த்து, காத்து முதுகுப் பக்கமா வாற இடமாத் தேடி நிற்பா. சோளகம் அடிக்கிற காலத்தில ஒரு பக்கம், வாடை அடிக்கிற காலத்தில மறு பக்கம். மூக்கையும் வாயையும் மூடிப் பெரிய முகமூடி, கையில உறை. அப்ப கொரோனா ஒண்டும் வரல்ல. முகமூடி போட்ட மனிசரை நாங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் கண்டிருந்தம். பண்ணைப் பொடியன்மார் அவ வந்தா உடனே சட்டையைத் தூக்கி மூக்கை மூடி நடிச்சுக் காட்டுவாங்க. ஆராய்ச்சிக்குப் பண்ணை ஆக்கள்ட்ட இரத்தம் எடுக்க ஊசி குத்துறது அவ, முகத்தைச் சுளிக்கிறதும் அவதான். பயந்தாங்கொள்ளி மிஸ் எண்டு பேரே வச்சிட்டாங்க. அவக்கும் அந்தப் பேர் தெரியும். பிழையில்ல, சரியான பேர்தான் எண்டு என்னட்டச் சொன்னா.

ஒரு நாள் கேட்டே விட்டன், இவ்வளவு பயத்தை எங்க இருந்து பொறுக்கின நீங்க எண்டு. உம்மாட்ட இருந்து எண்டா. அவங்க சண்டைக் காலத்தில முஸ்லிம் ஆக்களை எல்லாம் வெளியேத்தினப்ப மன்னார்ல இருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம். அவ அப்ப கைக்குழந்தை. வெளிக்கிடச் சொன்னப்ப ஊர் ஆக்கள் எல்லாம் ரெண்டு மூணு கிழமையில திரும்புவம் எண்டு வீட்டைப் பூட்டி, திறப்பைக் கையில எடுத்துக்கொண்டு வந்தாங்களாம். அவட உம்மா மட்டும், இனி வரமாட்டம் எண்டு பயந்து, பெட்டியைக் கிளறிப் பிள்ளைகள்ட பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து நெஞ்சுக்குள்ள செருகினாவாம். புத்தளத்தில கிடுகுக் கொட்டிலில வளர்ந்த பிள்ளை அந்தக் கடுதாசியாலதான் அலைச்சல் இல்லாமப் பள்ளிக்கூடம் சேர்ந்தா. "உம்மா பயந்ததாலதான் நான் படிச்சன் ராத்தா," எண்டு சொல்லிட்டு மீன் முள்ளை ஒவ்வொண்டாப் பார்த்துப் பார்த்து எடுத்தா. முள்ளுக்கும் பயம்.

அவட ஆராய்ச்சி என்ன எண்டு எனக்கு விளங்கப்படுத்தினதும் அந்த மேசையிலதான். அவிச்ச முட்டை உரிச்சுக்கொண்டு இருந்தா. ஓட்டுக்கு உள்ள ஒட்டிக்கொண்டு இருக்கிற வெள்ளைத் தோலைத் தூக்கிக் காட்டி, மனிசர்ட இருதயத்துக்கும் மேல இப்படி ஒரு சவ்வு உறை இருக்கு எண்டா. அது சில நேரம் வீங்கும், அழலும், உள்ளுக்குத் தண்ணி கட்டும். கூடினா இருதயம் துடிக்க இடமில்லாமப் போயிடும். நீலக் கான்ல வாற மருந்து காலப்போக்கில புற்றுநோயைக் குடுக்கும் எண்டது உலகத்துக்கே தெரிஞ்ச சங்கதியாம். அதைச் சுவாசிக்கிற ஆக்களுக்கு அந்தச் சவ்விலயும் வருத்தம் வருமா எண்டதுதான் அவ தேடுறது. வருமா மிஸ் எண்டு கேட்டன். தெரியாது எண்டா.

அவட வாயில இருந்து கூடுதலா வந்த சொல் அதுதான். தெரியாது. முதலாளி கேட்டாலும் தெரியாது, என்ட மனிசன் கேட்டாலும் தெரியாது. எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும். இவ்வளவு படிச்ச மனிசிக்கு எல்லாம் தெரியாது எண்டா, தெரிஞ்ச ஆள் யாரு? தெரியாட்டி எதுக்கு இந்த முகமூடி எண்டு ஒருக்கா மடக்கினன். தெரியாததாலதான் போடுறன், தெரிஞ்சா எவ்வளவு போடோணும் எண்டும் தெரிஞ்சிருக்கும் எண்டு சொன்னா.

என்ட மனிசன் இதுக்கு நேர் எதிர். வெறுங்கையால கானைத் தூக்குவார், சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள்ள இறங்குவார். கண் சிவந்து தண்ணி ஓடும். புறங்கையால துடைச்சிட்டு, வெங்காயம் உரிச்சாலும்தான் கண் எரியுது, அதுக்காக வெங்காயச் செய்கையை விட்டாங்களா எண்டு மிஸ்ஸைப் பார்த்துக் கேட்பார். பண்ணையில பெரிய சிரிப்பு எழும்பும். அவ மட்டும் சிரிக்க மாட்டா. மத்த எல்லாத்துக்கும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற மனிசி, அவர்ட கையைப் பார்த்தா மட்டும் சிரிக்க மாட்டா. அதைக் கண்டப்பதான் நானும் முதல் முதலா அவர்ட கையை உத்துப் பார்த்தன்.

அந்த வருசம் நோன்புப் பெருநாள் முடிஞ்சு கொஞ்ச நாள்ல என்ட மனிசன்ட தொழுகையில ஒரு மாற்றம் வந்தது. எல்லாரோடயும் சேர்ந்து ஜமாஅத்தோட தொழுறப்ப ஒண்டும் தெரியாது, இமாம் நிமிர்ந்தா இவரும் நிமிரத்தானே வேணும். சுன்னத்துத் தொழுகையைத் தனியாத் தொழுறப்பதான் தெரியும். ருகூவுக்குக் குனிஞ்சார் எண்டா நிமிர மாட்டார். முழங்காலைப் பிடிச்சுக் குனிஞ்சபடி அப்படியே நிற்பார். பக்கத்தில தொழுத ஆக்கள் முடிச்சுச் சலாம் குடுத்து, செருப்பைத் தேடுற நேரத்திலயும் இவர் ருகூவுலதான். தொழுது முடிச்சும் எழும்ப மாட்டார், முன்னுக்குச் சாய்ஞ்சு, முழங்கை ரெண்டையும் துடையில ஊண்டி, குனிஞ்சபடி இருப்பார். பள்ளியில எல்லாரும் கவனிச்சிட்டாங்க. மௌலவி ஒரு ஜும்ஆவில, பேர் சொல்லாம, எங்கட மஹல்லாவில ஒரு சகோதரர்ட ருகூவைப் பாருங்க, அப்படி அல்லாஹ்வுக்கு முன்னால குனியத் தெரியோணும் எண்டு பயானே பண்ணிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நிக்காஹ் முடிச்ச நாள்ல இருந்து, வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிக்குப் போற மனிசனுக்காக நான் துஆக் கேட்காத நாளில்ல. கேட்டது கிடைச்சிட்டு எண்டு நினைச்சன். கட்டில்ல படுக்க மாட்டேன் எண்டு கதிரையில இருந்து மேசையில தலையைச் சாய்ச்சுக் கிடப்பார். அல்லாஹ்வைத் துதிச்சுத் தஸ்பீஹ் செய்யிறார் எண்டு நான் சத்தம் போடாமப் போயிடுவன். இடைக்கிடை நெஞ்சைத் தடவுவார். கேட்டா, வாய்வு எண்டுவார். இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ ஊத்திக் குடுப்பன். அவரும் ஒண்டும் சொல்லல்ல. நோகுது எண்டு சொல்ல வெக்கம், பிறகு ஊர் புகழத் தொடங்கினதும் சொல்ல இன்னும் வெக்கம். மனிசன் பாவம், குனிஞ்சா நோவு குறையுது எண்டு குனிஞ்சிருக்கிறார். ஊரே அதுக்கு மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு, முன் வரிசையில நான்.

ஒரு பகல் பண்ணை ஆக்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு மிஸ் பிந்தி வந்தா. சோறு போட்டுக் குடுத்தன். முன் விறாந்தையில அவர் முசல்லாப் பாயை விரிச்சு, ளுஹர்த் தொழுகைக்குப் பின் சுன்னத்துத் தொழுதுகொண்டு நிண்டார். மிஸ் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தா. பிறகு வாய்க்குள்ள இருந்த சோத்தை மெல்லுறதை விட்டிட்டா. நானா எப்பவும் இவ்வளவு நேரமாக் குனிஞ்சு நிற்பாரா எண்டு கேட்டா. எனக்குப் பெருமை தாங்க ஏலல்ல. கொஞ்ச நாளா இப்படித்தான் மிஸ், மௌலவி பயான்லயே சொல்லிட்டார் எண்டன். படுக்கிறாரா எண்டு கேட்டா. எங்க படுக்கிற, இருந்தபடி தஸ்பீஹ்தான் எண்டன். நான் சொல்லச் சொல்ல அவட முகத்தில இரத்தம் வடிஞ்சதை நான் கண்ணால கண்டன். கையைக் கூடக் கழுவல்ல. எழும்பி விறாந்தைக்குப் போயிட்டா.

அவர் சலாம் குடுத்துத் திரும்புறார், மிஸ் முன்னால நிற்கிறா. நெஞ்சு நோகுதா நானா எண்டு கேட்டா. காஸ் மிஸ், காஸ் எண்டு சிரிச்சார். அப்ப ஒருக்கா இந்த முசல்லாவிலயே மல்லாந்து படுத்துக் காட்டுங்க எண்டா. அந்நிய ஆம்பிளையிட்ட நேருக்கு நேர் கதைக்கவே கூசி, என்னை இடையில வச்சுக் கேள்வி கேட்கிற மனிசி அவ. இவருக்கும் கூச்சமாத்தான் இருந்தது. ஆனா பயந்தாங்கொள்ளி மிஸ்ஸுக்கு முன்னால பின்வாங்குவாரா? சரி, பாருங்க எண்டு சொல்லிச் சாய்ஞ்சார். முதுகு நிலத்தில பட்டதுதான் தாமதம், முகம் சாம்பல் மாதிரி ஆகிட்டு. வாயைத் திறந்து மூச்சைத் தேடினார். பக்கவாட்டில புரண்டு, எழும்பி, முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிஞ்சார். நான் யா அல்லாஹ் எண்டு கத்தினது பண்ணை வரைக்கும் கேட்டதாம்.

மிஸ் பைக்குள்ள இருந்து குழாயை எடுத்து அவர்ட நெஞ்சில வச்சுக் கேட்டா. இடத்தை மாத்தி மாத்தி வச்சா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா:

"இருதயத்தின்ட சத்தம் எங்கயோ தூரத்தில கேட்குது ராத்தா. எனக்கு மிச்சம் பயமா இருக்கு. இப்பவே போவம்."

வேன்ல ஏறினா எப்பவும் மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க எண்டு டிரைவர்ட உயிரை வாங்கிறவ. அண்டைக்கு முன் சீட்டைப் பிடிச்சுக்கொண்டு, இன்னும் வேகமாப் போங்க எண்டு சொல்லிக்கொண்டே வந்தா. அது எனக்கு எல்லாத்திலயும் பெரிய பயத்தைக் குடுத்தது.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்திட்டு உள்ளுக்குக் கொண்டு போனாங்க. சவ்வுக்குள்ள தண்ணி கட்டி இருதயத்தை நெரிக்குதாம், ஊசி போட்டு எடுக்கோணுமாம். நாங்க ரெண்டு பேரும் வெளிய போட்டிருந்த நீட்டு வாங்குல இருந்தம். நான் அழுது முடிச்சு, ஓதி முடிச்சு, திரும்ப அழுதன். கடைசியா அவட கையைப் பிடிச்சுக் கெஞ்சினன், சும்மாவாவது ஒண்டும் ஆகாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க மிஸ், நீங்க டொக்டர்தானே எண்டு. வேற யாரா இருந்தாலும் சொல்லி இருப்பாங்க. காவலுக்கு நிண்ட ஆள் கூட, ஒண்டும் ஆகாது ராத்தா எண்டு என்னட்டச் சொல்லிட்டுத்தான் போனான். அவ என்னையே பார்த்துக்கொண்டு இருந்தா. கண் நிறைஞ்சிருந்தது. "எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது ராத்தா. நானும் பயந்துபோய்த்தான் இருக்கிறன். நீங்க தனியாப் பயப்பட வேணாம்," எண்டா. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு அது கொஞ்சம் தாங்கக் கூடியதா இருந்தது.

அவர் பிழைச்சார், அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா மவுத்துத்தான் எண்டு உள்ள நிண்ட பெரிய டொக்டர் சொன்னார். எதால வந்தது எண்டு கேட்டா, தடிமன் கிருமியாலயும் வரும், வேற காரணத்தாலயும் வரும், பல பேருக்குக் காரணமே பிடிபடாது எண்டார். கசம், அதான் டீபி, இருக்கா எண்டு பார்த்தாங்க, அது இல்ல. ஊர் தன்ட பாட்டுக்கு ஒரு காரணம் கண்டு பிடிச்சது. கண்ணூறு. பள்ளி நிறைய ஆக்கள் அவர்ட ருகூவைப் பார்த்துப் பார்த்துக் கண் பட்டுட்டாம். மௌலவியே வீட்டுக்கு வந்து தண்ணியில ஓதி ஊதிக் குடுத்திட்டு, பயான் பண்ணினது என்ட பிழைதான் எண்டு சங்கடப்பட்டார். அவரை நான் என்ன சொல்லித் தேத்துற?

ஆனா என்ட நெஞ்சுக்குள்ள அந்த நீலக் கான்தான் நிண்டது. ஆஸ்பத்திரியில குடுத்த குளிசையை முடிச்சு, உடம்பு தேறி, மனிசன் திண்ணத் தொடங்கினதும் முதலாளி பழக்கூடையோட வந்தார். கெட்ட மனிசன் இல்ல. பாரமான வேலை ஒண்டும் வேணாம், மருந்தை மட்டும் கலந்து குடுத்தாப் போதும், அளவு பிழைச்சா குஞ்செல்லாம் செத்துப் போகுது, உங்கட கைதான் வேணும் எண்டார். இவர் உடனே தலையாட்டிட்டார். தேத்தண்ணிக் கடையில வேற, நானாவுக்கும் மிஸ்ஸுட பயம் தொத்திட்டாம் எண்டு யாரோ பகிடி விட்டிருக்கிறாங்க. அது போதும் அவருக்கு. நான் அழுதன், சமைக்காம இருந்து பார்த்தன், உம்மா வீட்டுக்குப் போறன் எண்டும் வெருட்டினன். மருந்தாலதான் வந்தது எண்டு யாராவது சொன்னாங்களா, உன்ட மிஸ்ஸே தெரியாது எண்டுதானே சொல்றா எண்டு ஒரே கேள்வியில என்ட வாயை அடைச்சிட்டார்.

அதனால மிஸ்ஸைப் பிடிச்சன். அவர் வேலைக்குத் திரும்பிற நாளுக்கு முதல் நாள், போன் எடுத்து அழுதன். ஒரே ஒரு தரம் சொல்லுங்க மிஸ், இந்த மருந்தாலதான் வந்தது எண்டு. நீங்க சொன்னா அவர் கேட்பார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க எண்டு அவருக்குத் தெரியும் எண்டன். அதாலதான் ராத்தா சொல்ல ஏலாது எண்டா. அவட ஆராய்ச்சியில இன்னும் ஒண்டும் துலங்கல்ல, ஒரு ஆளுக்கு வந்ததை வச்சு முடிவு சொல்ல ஏலாது எண்டு என்னவெல்லாமோ சொன்னா. எனக்கு விசர் பிடிச்சிட்டு. என்ட மனிசன் மவுத்தான பிறகா உங்களுக்குத் துலங்கும் எண்டு கேட்டிட்டுப் போனை வச்சிட்டன். பேசினது கூடிப் போச்சு எண்டு பிறகு தெரிஞ்சது. அப்பவும் எடுத்து மன்னிப்புக் கேட்க மனம் வரல்ல.

அடுத்த நாள் காலம்பர அவர் வெளிக்கிட்டுப் போயிட்டார். ரொட்டியையும் சம்பலையும் சுத்திக்கொண்டு நான் பின்னாலயே போனன். வீட்டில இருக்க ஏலல்ல. மருந்து அறை எண்டு தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, ஒரு கதவு. அவர் முதலாளி குடுத்த முகமூடியைக் கழுத்தில தொங்கவிட்டுக்கொண்டு அளக்கிற சாடியைக் கழுவிக்கொண்டு இருந்தார். அப்ப வேன் வந்து நிண்டது.

மிஸ் இறங்கி வந்தா. ஷோலைத் தூக்கிக் காத்துப் பார்க்கல்ல, முகமூடி இல்ல, கையில உறை இல்ல. நேரா உள்ளுக்கு வந்து அவருக்கு ஸலாம் சொன்னா. இண்டைக்கு என்ன புதுப் பயம் மிஸ் எண்டு அவர் பகிடியாத்தான் கேட்டார். அவ கானுக்குப் பக்கத்தில குந்தினா. மூடியைப் பிடிச்சுத் திருகினா. கை நடுங்கின நடுக்கத்தில மூடி வழுக்கிக் கீழ விழுந்து உருண்டது. குப் எண்டு அறை முழுக்க மணம். கதவடியில நிண்ட எனக்குத் தொண்டை அடைச்சது. அவ இருமிக்கொண்டே, ரெண்டு கையாலயும் கானைச் சரிச்சு, அவர் செய்யிற மாதிரியே சாடியில ஊத்தத் தொடங்கினா. கண்ணில இருந்து தண்ணி கொட்டுது. துடைக்கவும் கை இல்ல.

அவர் என்ன செய்யிற எண்டு தெரியாம நிண்டார். பிறகு, "மிஸ், மூடுங்க," எண்டார். அவ நிப்பாட்டல்ல.

"நான் தெரியாது எண்டு சொன்ன ஒரு சாமானை நீங்க பயமில்லாமத் தொடுறீங்க நானா. எப்படி எண்டு நானும் பழகிப் பார்க்கிறன்."

அவர் பாய்ஞ்சு கானைப் பறிச்சார். பறிச்ச வேகத்தில கொஞ்சம் அவட சட்டையில தெறிச்சது. அதைக் கண்டதும் என்ட மனிசன் போட்ட சத்தத்தை நான் அதுக்கு முந்திக் கேட்டதில்ல. தண்ணி, தண்ணி கொண்டு வா எண்டு என்னைப் பார்த்துக் கத்தினார். வாளியோட ஓடி வந்து ஊத்தினன். அவர் மூடியைத் தேடி எடுத்துப் போட்டு, இறுக்கி, கானைக் கால்ல தள்ளிச் சுவரோட ஒதுக்கினார். உங்களுக்கு ஏதும் ஆகிட்டா உங்கட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்லுற, விசரா உங்களுக்கு எண்டு கேட்கக் கேட்க அவர்ட குரல் உடைஞ்சு போச்சு.

மிஸ் நனைஞ்சபடி நிண்டு அவரைப் பார்த்தா. "உங்களுக்கு ஏதும் ஆகிட்டா, நானா?" எண்டு மட்டும் கேட்டா.

அவர் கையைச் சறத்தில துடைச்சார். என்னைப் பார்த்தார். திரும்ப அவவைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல நிலத்தில இருந்தார். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தி ஒரு நாளும் அவர்ட வாயில இருந்து நான் கேட்காத சொல்லை அங்க, மருந்து மணத்துக்குள்ள இருந்து கேட்டன்.

"எனக்கும் பயம்தான் மிஸ். அண்டைக்குப் படுத்ததில இருந்து பயம்தான்."

அந்த வேலைக்கு அவர் பிறகு போகல்ல. முதலாளியிட்டத் தானே போய்ச் சொன்னார், ஏலாது, எனக்குப் பயமா இருக்கு எண்டு. தேத்தண்ணிக் கடையிலயும் அதையே சொன்னாராம். இப்ப த்ரீவீல் ஓட்டுறார். மருந்தாலதான் வந்ததா எண்டு எனக்கு இண்டு வரைக்கும் தெரியாது.

அண்டைக்கு மிஸ்ஸைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என்ட உடுப்பு ஒண்டைக் குடுத்து மாத்தினன். முகத்தையும் கையையும் கழுவினா, திரும்பத் திரும்பக் கழுவினா. உடம்பெல்லாம் உதறிக்கொண்டு இருந்தது. போன்ல பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தன், அவ அதைக் காதில வாங்கல்ல. ராத்தா, எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, புத்தளம் வரைக்கும் என்னோட வாறீங்களா எண்டு கேட்டா. சமையல் உடுப்போடயே வேன்ல ஏறினன். வழி நெடுக அவட கையை என்ட மடியில வச்சுப் பொத்திக்கொண்டு இருந்தன். அவ கண்ணாடிக்கு வெளிய, களப்பையும் உப்பளத்தையும் பார்த்துக்கொண்டு வந்தா.

புத்தளம் பஸ் நிலையத்தில வேன் நிண்டது. நானா தனியா இருப்பார், நீங்க இறங்கிப் பஸ்ஸைப் பிடிச்சுப் போங்க எண்டா. உங்களை இப்படி விட்டிட்டு எப்படி மிஸ் போற எண்டு கேட்டன். என்னைப் பார்த்துச் சிரிச்சு, "பயம் போயிட்டு ராத்தா," எண்டா.

அவ என்னட்டச் சொன்ன ஒரே பொய் அதுதான். கை என்ட கைக்குள்ள அப்பவும் நடுங்கிக்கொண்டு இருந்தது.